பெயரில்லா முகங்களும் முகமில்லாப் பெயர்களும்

பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் அரபு இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர், பிற்பாடு கல்லூரியில் சேர்ந்து வரலாறு பயின்றார். விடுமுறைக்கு வில்லியனூர் வந்திருந்தபோது நம்மைக் காண வந்தவர், கையோடு ஒரு தாளையும் கொண்டு வந்தார். பழைய பிரெஞ்சு நூல் ஒன்றிலிருந்து படியெடுத்த சித்திரம் அது. தறியின் முன் குனிந்து அமர்ந்திருக்கும் ஒரு நெசவாளர். முதுகெலும்பு தெரியும் மெலிந்த உடல். பாவின் மீது வைத்த கண்.

"ஹஜ்ரத், நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்துத்தான் இதை வரைந்திருப்பார்களோ? இவர் யாராக இருப்பார்?" என்று அவர் கேட்டார்.

நாம் தாளை வாங்கவில்லை. "உருவப்படத்தை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி? எடுத்துக்கொண்டு போ" என்றோம். அவர் மறுவார்த்தை பேசாமல் ஸலாம் சொல்லி விடைபெற்றார். கேள்வி மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. அக்கேள்விக்கு அன்று நாம் தந்திருக்க வேண்டிய விடையை இப்போதேனும் எழுதிவிட முயல்கின்றோம்.

செப்பும் கல்லும்

அச்சு என்றவுடன் ஈய எழுத்துகளைக் கோத்து அடிக்கும் அச்சே நம் நினைவுக்கு வரும். உருவங்களை அச்சிட்டவர்கள் நெடுங்காலம் வேறு இரு பொருள்களை நம்பினார்கள். ஒன்று செப்பு, மற்றது கல்.

செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கீறுவர். அல்லது மெழுகு பூசி, அதன்மேல் கோடிட்டு, திராவகத்தால் அரிக்கச் செய்வர். கீறிய பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் பள்ளத்திலிருந்த மை தாளில் ஏறிவிடும். இவ்வாறு ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகளை எடுக்க முடிந்தது.

செப்பில் கீறுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. பாகூர்ச் செப்பேடுகளை வரலாறு அறிந்தோர் அறிவர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்களை வழங்கிய செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. இன்று வயலும் ஏரியுமாய்க் காட்சி தரும் பாகூர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்விக்குப் பெயர் பெற்ற ஊராய் இருந்ததென்பதை அச்செம்பு சொல்லியே நாம் அறிகின்றோம். அதில் முகங்கள் இல்லை. மன்னன் பெயரும் ஊர்ப் பெயரும் கொடையின் எல்லையும் உள்ளன. நம் நாட்டார் செம்பை வாசகத்திற்குக் கொடுத்தார்கள். ஐரோப்பியர் அதே செம்பை முகத்திற்குக் கொடுத்தார்கள்.

கல்லச்சு பிந்தியது. 1771-இல் பிராக் நகரில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த அலாய்ஸ் செனெஃபெல்டர் என்னும் நாடக ஆசிரியர், தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடி, 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைக் கண்டறிந்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதிக் கல்லை நனைத்தால், எழுதிய இடம் நீரை விலக்கும். எழுதாத இடம் நீரை ஏற்கும். பிறகு மை உருளையை ஓட்டினால் எழுதிய இடத்தில் மட்டும் மை பற்றும். உளி வேண்டாம், திறம் மிக்க செதுக்குவோரும் வேண்டாம். எழுதத் தெரிந்த கை போதும். வேலை முடிந்ததும் அக்கல்லைத் தேய்த்து, பழைய எழுத்தை அழித்து, அடுத்த பக்கத்தை அதன்மேல் எழுதுவர். ஆகவே அச்சடித்த தாள்கள் அழிந்துவிட்டால் கல்லிடம் போய்க் கேட்பதற்கு ஒன்றும் இராது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். முடிவில் இதற்கு மீண்டும் வருவோம்.

சொன்னேராவின் மனிதர்கள்

வில்லியனூரும் பாகூரும் 1749, 1750 ஆகிய ஆண்டுகளை ஒட்டிச் சந்தா சாகிபும் முஸஃபர் ஜங்கும் அளித்த கொடையால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பகுதிகள். கொடை கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1752-இல், பாகூர் வெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர், ஆங்கிலேயர் வென்றனர். 1761 ஜனவரியில் புதுச்சேரி நகரமே ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அப்போது அவர்கள் எடுத்துச் சென்ற பொருள்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அது சென்னை வேப்பேரியில் இருந்த ஃபப்ரீசியஸ் என்னும் ஜெர்மன் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்க வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. பீரங்கிக்கு அடுத்தபடியாக அச்சுக்கும் மதிப்புண்டு என்பதை அன்றைய வெற்றியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தப் போர்க் கொந்தளிப்பு ஓய்ந்தும் ஓயாதுமிருந்த காலத்தில் புதுச்சேரிக்கு வந்தவர் பியேர் சொன்னேரா. லியோன் நகரில் 1748-இல் பிறந்த இயற்கை நூல் அறிஞர். நம் பக்கத்துக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி, இன்றும் உயிர்நூலாரிடம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. வில்லியனூருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றின் கரையிலுள்ள திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களை முதன்முதலில் எழுத்தில் பதிந்த ஐரோப்பியரும் அவரே. கீழை இந்தியாவிலும் சீனத்திலும் தாம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1782-இல் பாரிஸில் இரு பாகங்களாக வெளிவந்தது. அவருடைய சித்திரங்களைப் பாரிஸில் செப்புத் தகட்டில் கீறி, நூறுக்கு மேற்பட்ட படங்களாக அந்நூலில் சேர்த்தார்கள். நம் மாணவர் கொண்டு வந்த தாள் இந்த மரபைச் சேர்ந்ததே.

இப்படங்களில் தெய்வ உருவங்களும் பறவைகளும் செடிகளும் உள்ளன. தொழில் செய்யும் மக்களும் உள்ளனர். தறியும் பட்டறையும் கருவிகளும் மிகக் கவனமாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒரு தொழில் அன்று எவ்வாறு நடந்ததென்று அறிய விரும்புவோர்க்கு இவை பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகின்றது. படத்தின் கீழ் தொழிலின் பெயர் உண்டு. மனிதனின் பெயர் இல்லை. காட்டுக்கோழிக்குச் சொன்னேராவின் பெயர் கிடைத்தது. அவர் எதிரில் அமர்ந்து வேலை செய்து காட்டிய மனிதருக்கோ தம் சொந்தப் பெயரும் கிடைக்கவில்லை.

இது சொன்னேரா ஒருவரின் குறையன்று. அக்காலத்தின் பார்வையே அது. கல்லச்சு பரவிய பின்னரும் அப்பார்வை மாறவில்லை. 1827 முதல் 1835 வரை பாரிஸில் பகுதி பகுதியாக வெளிவந்த 'பிரெஞ்சு இந்தியா' என்னும் பெருந்தொகுதி அதற்குச் சான்று. ஷாப்ரெலி என்பார் அதற்குக் கல்லச்சுச் சித்திரங்களை அமைத்தார். கீழைக்கலைப் பேரறிஞர் யூஜென் பூர்னூஃப் விளக்கவுரை எழுதினார். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளிலும் சோழமண்டலக் கரையிலும் மலையாளக் கரையிலும் வாழும் மக்களின் உடை, முகத்தோற்றம், ஆயுதம், தட்டுமுட்டுச் சாமான் ஆகியவற்றைக் காட்டுவதே அதன் நோக்கம். முகத்தோற்றத்தையும் தட்டுமுட்டுச் சாமானையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியதிலிருந்தே அப்பார்வை இன்னதென விளங்கும். அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் நம் முன்னோர் வகைகளாகத் தெரிந்தார்கள். வகைக்குப் பெயர் போதும், ஆளுக்கு வேண்டாம் என்று எண்ணினார்கள்.

பெயரும் முகமும் இருந்தும்

பெயரும் முகமும் சேர்ந்திருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? அதுவுமில்லை என்பதற்கு ஆங்கிலேயரின் சித்திரங்கள் சான்று.

1792-இல் மைசூர்ப் போரின் முடிவில், திப்பு சுல்தானின் இரு இளம் புதல்வர்கள் பிணையாகக் காரன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டனர். இங்கிலாந்து நாட்டு ஓவியர் ராபர்ட் ஹோம் அப்போது இந்தியாவில் இருந்தார், அக்காட்சியை வரைந்தார். இந்தியாவில் காலே வைக்காத ஓவியர்களும் லண்டனிலிருந்தபடி அதே காட்சியை வரைந்தனர். அவை செப்புத் தகட்டில் ஏறி அச்சாகி விலைக்கு வந்தன. 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு, ஹென்றி சிங்கிள்டன் என்னும் லண்டன் ஓவியர் அவருடைய இறுதிப் போரை வரைந்தார். அதுவும் அச்சுப் படமாக ஆங்கில வீடுகளின் சுவர்களுக்குச் சென்றது.

இப்படங்களில் உணர்ச்சிக்குக் குறைவில்லை. ஓங்கிய கை, மருண்ட கண், தரையில் விழுந்தோரின் வேதனை எல்லாம் உண்டு. பிணைப்பிள்ளைகளின் படங்களைப் பாருங்கள். தளபதி தந்தையைப் போல் கைநீட்டுகிறார். பிள்ளைகள் நம்பிக்கையோடு அவரை நோக்குகின்றனர். நாட்டில் பாதியையும் பெருந்தொகைப் பணத்தையும் பறித்துக்கொண்டு, அவை கைக்கு வந்து சேரும்வரை பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொண்ட ஒரு செயல், அச்சில் ஏறியதும் அன்புக் காட்சியாகிவிட்டது. அவர்களைப் பிரிந்த வீட்டார் அன்றிரவு எவ்வாறு இருந்தனர் என்பதை வரைய எந்தத் தகட்டிலும் இடம் இல்லை. பின்னாளில் திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10-ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், அதன்பின் அக்குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. அப்பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிச் சிறையிருந்த நெடுங்காலத்தைக் காண, பழைய படங்களை வாங்கி மாட்டியவர்கள் காத்திருக்கவில்லை.

ஆக, தகட்டின்மீது கை வைத்திருப்பவன் எவனோ அவன் கதையையே படம் சொல்கின்றது.

நம்மவர் கைக்கு வந்த கல்

இனி நம் பக்கம் வருவோம். கல்லச்சு இந்தியாவிற்குள் 1820-களில் வேரூன்றியது. ஐரோப்பியர் அதனைப் பெரிதும் படத்திற்குப் பயன்படுத்தினர். முஸ்லிம்கள் அதனை எழுத்திற்குப் பயன்படுத்தினர். இதற்குத் தக்க காரணம் உண்டு.

அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து உருமாறுவன. ஈய எழுத்துகளால் அவற்றைக் கோத்தல் அரிய வேலை. 1537-38 ஆண்டுகளில் வெனிஸ் நகரத்தார் குர்ஆனை அச்செழுத்தில் வெளியிட முயன்று பிழைகள் மலிந்த பிரதியையே தந்தனர்; பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அதன் ஒரே பிரதி 1987-இல்தான் அந்நகர மடாலயம் ஒன்றில் வெளிப்பட்டது. கல்லச்சிலோ, காத்திப் தம் எழுதுகோலால் எழுதியது எழுதியவாறே பதியும். பசைத்தாளில் எழுதிக் கல்லின்மேல் பதித்துவிடலாம் என்பதால் எழுத்துகளைத் தலைகீழாக எழுதும் தொல்லையும் இல்லை. லக்னோவில் முன்ஷி நவல் கிஷோர் என்னும் இந்துப் பெரியார் 1858-இல் நிறுவிய அச்சகம், கல்லச்சில் குர்ஆனையும் அரபு, பாரசீக, உருது நூல்களையும் வெளியிட்டு நாடெங்கும் பரப்பியது.

நாம் மதரஸாவில் ஓதிய 1980-களிலும் எம் கையிலிருந்தவை பெரும்பாலும் கல்லச்சுக் கிதாபுகளே. நடுவே மத்தன், அதைச் சூழ்ந்து ஷரஹு, ஓரங்களில் சாய்வாகவும் வளைவாகவும் ஏறி இறங்கும் ஹாஷியா. உஸ்தாதின் முன் அமர்ந்து புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்த அந்நாட்களில், ஒரு பக்கத்தில் பல தலைமுறை அறிஞர்கள் கூடியமர்ந்து பேசுவது போன்று தோன்றும்.

தமிழகத்தில் இக்கல்லின் பெரும்பயன் அரபுத் தமிழுக்கே கிட்டியது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் வகுத்த அவ்வெழுத்திற்கு எந்த அச்சகத்திலும் ஈய எழுத்து ஆயத்தமாய் இராது. கல்லுக்கோ எல்லா எழுத்தும் ஒன்றே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) போன்ற பெரியார்களின் நூல்கள் இவ்வாறே பரவின. அன்னாரின் 'ஃபத்ஹுத் தய்யான்' மார்க்கச் சட்டங்களை வீட்டுத் தமிழில் விளக்கிய பெருநூல். சென்னை, பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், பினாங்கு எனக் கப்பல் சென்ற துறைகளிலெல்லாம் அரபுத் தமிழ் நூல்கள் அச்சாயின. சீறாப்புராணம் 1842-இல் தமிழெழுத்தில் அச்சேறிப் புலவர் கைக்குச் சென்றதென்றால், அடுப்படியிலிருந்த தாய்மார் கைக்குச் சென்றவை அரபுத் தமிழ்க் கிதாபுகளே. தமிழெழுத்து அறியாத எத்தனையோ பாட்டிமார், குர்ஆன் ஓதப் பழகிய அதே கண்ணால் தொழுகைச் சட்டமும் நபிமார் சரித்திரமும் மாலைகளும் படித்தார்கள்.

இந்நூல்களில் முகங்கள் இல்லை. ஆனால் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் பாருங்கள், பெயர்கள் நிறைந்திருக்கும். இயற்றியவர் பெயர், அவர் தந்தை பெயர், ஊர், பொருளுதவிய வணிகரின் பெயர், எழுதிய காத்திபின் பெயர், ஹிஜ்ரி ஆண்டு, அச்சிட்ட இடம். அதன்மேல் வீட்டார் தம் கையால் எழுதியவை: இன்ன நாளில் இன்ன பிள்ளை பிறந்தது, இன்னார் மவுத்தானார், இன்னார் கப்பலேறினார் என்பன. பாரிஸ் அச்சில் பெயரில்லாமல் நின்ற மனிதர்கள், இங்கே முகமில்லாமல் பெயரோடு இருக்கிறார்கள்.

உருவம் பற்றி

"எடுத்துக்கொண்டு போ" என்று நாம் மாணவரிடம் சொன்னதற்கு மார்க்கக் காரணம் உண்டு. உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்போரைப் பற்றி ஸஹீஹான ஹதீஸ்களில் கடும் எச்சரிக்கை வந்துள்ளது. ஆயினும் அதே கிரந்தங்களில், உருவம் பொறித்த திரைச்சீலையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கிழித்துத் தலையணையாக்கிய செய்தியும் வந்துள்ளது. மதிப்பிற்காக உயர்த்தி வைத்தது எது, மிதிபடக் கிடப்பது எது, மரமும் ஆறும் எவ்வகை, நிழல் விழும் சிலைக்கும் தாளிலுள்ள கோட்டிற்கும் வேறுபாடு உண்டா என்றெல்லாம் ஃபுகஹாக்கள் நுணுகி ஆய்ந்துள்ளனர். புகைப்படம் வந்தபோது எகிப்தின் முஃப்தி முஹம்மது பகீத் (1854 - 1935) அது கூடுமென்று தனி நூல் எழுதினார். தேவ்பந்த் அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ மறுத்துத் தனி நூல் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போக வேண்டுமாயின் நம் அனைவர்க்கும் பாஸ்போர்ட்டில் படம் வேண்டும். இவற்றுக்கிடையே தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

வேறொன்றைச் சொல்ல விழைகின்றோம். ஹரீரியின் மகாமாத்தை ஓதாத ஆலிம் உண்டோ? அரபு நடையின் சிகரம் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் அந்நூலை, ஹிஜ்ரி 634-இல் (கி.பி. 1237) யஹ்யா அல்-வாஸித்தீ என்பார் தாமே எழுதித் தாமே படங்களும் தீட்டினார். நூலகத்தில் கூடிய கற்றோர், ஹஜ் பயணக் கூட்டம், வாய்ச்சாலத்தால் பிழைக்கும் அபூ ஸைத், அவர் பேச்சில் மயங்கிய மக்கள் என அக்கால முஸ்லிம்களின் வாழ்வு முழுதும் அதில் உள்ளது. கடைசி ஏட்டில் அவர் தம் பெயரையும் எழுதிவைத்தார். அப்பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. படத்தை மறுக்கும் ஆலிமும், தம் பாட நூலுக்கு ஒரு முஸ்லிம் தீட்டிய படம் இருந்தது என்னும் வரலாற்றை மறுக்க வேண்டியதில்லை. கூடுமா கூடாதா என்பது ஒரு கேள்வி. நடந்தது என்ன என்பது வேறு கேள்வி. முதற்கேள்விக்கு விடை தெரிந்த காரணத்தால் நாம் இரண்டாவதைக் கேட்கவே விடாமல் மாணவரை அனுப்பிவிட்டோம். பிழை அங்கேதான்.

பெயரைக் கேட்டு வரைந்தவர்

முகத்தையும் பெயரையும் நீதியோடு சேர்த்தவர் உண்டா என்று தேடினால் வங்காளத்தின் சித்தப்ரசாத் (1915 - 1978) நினைவுக்கு வருகின்றார். 1943-இல், ஆங்கிலேயர் ஆட்சியில், வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பர். சித்தப்ரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பசித்தவரை நேரில் கண்டு, கறுப்பு மையால் வரைந்தார். அவர்களுடைய பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். 'பசித்த வங்காளம்' என்னும் சிறு நூலாக அது அச்சானபோது, அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. தப்பியவை மிகச் சில. மெலிந்த உடல்களின் படங்களை ஐரோப்பியர் நூறாண்டுக்கு மேலாக விரும்பி வாங்கினர். அவ்வுடல்களுக்குப் பெயரும் ஊரும் சேர்ந்து, சாவின் காரணமும் சேர்ந்ததும் அவை எரிக்க வேண்டியவை ஆகிவிட்டன. பெயருக்குள்ள வலிமை அதனால் விளங்கும்.

வெள்ளம் கொண்டு போனவை

2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்க் கொம்யூனின் ஊர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியும் நிறைந்து ஓடியது. நீர் வடிந்தபின் தெரிந்த குடும்பம் ஒன்றை விசாரிக்கச் சென்றோம். முற்றத்தில் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிசைந்த மாவு போல் ஒரு குவியல். நாலைந்து தலைமுறைக் கல்லச்சுக் கிதாபுகள் அவை. ஏடுகள் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. மேலே கிடந்த ஓர் ஏட்டில் 'எழுதியவன்' என்னும் சொல் மட்டும் தெரிந்தது. எழுதியவரின் பெயர் இருந்த இடத்தில் மை கரைந்திருந்தது.

"ஹஜ்ரத், இதை என்ன செய்ய? புனிதமான எழுத்தாச்சே, குப்பையில் போட மனம் வரவில்லை" என்று அவ்வீட்டு மூதாட்டி கேட்டார். வழக்கப்படி துணியில் சுற்றி மிதிபடாத இடத்தில் அடக்கச் சொன்னோம். அடக்கும்போது நமக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. எம் சொந்த வீட்டில் பாட்டனாரின் கிதாபுகள் செல்லரித்தபோது, ஓர் ஏட்டையும் திறந்து பாராமல் இதேபோல் அடக்கியவர் நாமே. அவற்றின் ஓரங்களில் யார் யார் பிறப்பும் இறப்பும் இருந்தனவோ! மரியாதை செய்தோம், படிக்கவில்லை. இன்று எம் பாட்டனாரின் தந்தைக்கு முந்தியவர் பெயரைக் கேட்டால் எமக்குச் சொல்லத் தெரியாது.

சொன்னேராவின் நெசவாளர் பெயரற்றுப் போனது அயலார் செய்த குறை. நம் முன்னோரின் பெயர்கள் கரைந்தது நாம் செய்த குறை. முன்னே சொன்ன கல்லை நினைவு கூருங்கள். அச்சுக் கல்லைத் தேய்த்து அடுத்த பக்கத்தை எழுதிவிட்டார்கள். எங்கோ ஒரு கல்லில் அவ்வெழுத்து இன்னும் இருக்கும் என்று நம்புவதற்கு வழியில்லை. இருப்பவை வீடுகளிலுள்ள தாள்களே.

பாரிஸில் 1782-இல் அச்சான படங்களை இன்று வில்லியனூரில் அமர்ந்து இணையத்தில் காண முடிகின்றது. அவர்கள் காத்தார்கள். புதுச்சேரியிலேயே 1955-இல் நிறுவிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான சைவச் சுவடிகளைக் காத்து வருகின்றது. 2005-இல் அவற்றுக்கு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடமும் கிட்டியது. சுவடிக்கு மதிப்பு, காப்பாரைப் பொறுத்தே வருகின்றது.

வாசகக் குடும்பங்களுக்கு எம் வேண்டுகோள் சிறியது. உங்கள் பரணில் அரபுத் தமிழ்க் கிதாபு ஏதேனும் இருந்தால், அடக்குவதற்கு முன் திறந்து பாருங்கள். முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் ஓரக் குறிப்புகளையும் கைபேசியிலேனும் படமெடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் ஊரில் ஒருவராவது இருப்பார். அவர் இருக்கும்போதே படிக்கச் சொல்லி, பெயர்களைத் தமிழில் எழுதிவையுங்கள். எழுத்தைப் படமெடுப்பதில் எந்த ஃபகீஹுக்கும் கருத்து வேறுபாடு இராது.

சென்ற மாதம் அம்மாணவருக்குச் சொல்லி அனுப்பினோம். அந்தத் தாளையும் எடுத்து வரச் சொன்னோம். வந்தார், இம்முறை வாங்கிப் பார்த்தோம். "யாரென்று தெரியவில்லை, தம்பி. இந்தக் கரையில் நெய்தவர். மழையில் தறிக்குழி நிறைந்தால் பட்டினி கிடந்தவர். அவ்வளவுதான் நாம் சொல்ல முடியும்" என்றோம். பிறகு இருவருமாகச் சுல்தான்பேட்டையில் ஒரு வீட்டிற்குச் சென்றோம். மூன்று கிதாபுகள் கிடைத்தன. நாம் படிக்க, அவர் எழுத, மஃரிப் பாங்கு வரை பதினேழு பெயர்கள் சேர்ந்தன. மீதமுள்ள வீடுகளுக்கு இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளிக்கிழமை.